நள்ளிரவில் நடுப்பெட்டி

புது ஊருக்குப் போனால், "அந்தத் தெருவைத் தாண்டிப் போகாதே" என்று சொல்ல யாராவது இருப்பார்கள். நியூயார்க்கில் வெகுகாலம் அப்படிச் சொல்லப்பட்டது 96-வது தெரு. தெற்கே வசதியானவர்களின் அப்பர் ஈஸ்ட் சைடு, வடக்கே ஈஸ்ட் ஹார்லெம். பார்க் அவென்யூவுக்கு அடியில் ஓடும் ரயில் பாதை, 97-வது தெருவருகே வெளியே வந்து மேலேறுகிறது. இரைச்சல் விழுந்த பக்கம் ஏழைகள் குடியிருந்தார்கள். மற்றபடி அந்த நகரத்தில் பேட்டைகளுக்குச் சட்டப்படியான எல்லையே இல்லை. ஜனங்களும் வீட்டுத் தரகர்களும் சொல்வதுதான் எல்லை. அதை நம்பி ஒரு பேட்டையையே ஆபத்தானது என்று ஒதுக்குவது அநியாயம். கடை திறந்திருக்கிறதா, ஆள் நடமாட்டம் உண்டா என்று பாருங்கள்.

1904-ல் தொடங்கிய அங்குள்ள சுரங்க ரயில் இரவு முழுக்க ஓடுகிறது. பின்னிரவில் அடுத்த வண்டிக்கு 20 நிமிஷம்கூட ஆகும். அப்போது நடைமேடையின் கோடியில் நிற்காதீர்கள். நடுவில், மேலே கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட பலகை ஒன்று தொங்கும். பெரும்பாலான வண்டிகளில் நடத்துனர் நடுப்பெட்டியில்தான் இருப்பார். வண்டி நின்றதும் ஜன்னலைத் திறந்து, அந்தப் பலகையை விரலால் சுட்டிக்காட்டுவார். வண்டி சரியான இடத்தில் நின்றிருக்கிறது என்று உறுதிசெய்யும் விதி அது. தனியாகப் போகிறவர்கள் அந்தப் பெட்டியில் ஏறுவது நல்லது. மற்ற பெட்டிகளில் கூட்டமிருக்க, ஒன்று மட்டும் காலியாக வந்தால் அதில் ஏறவே வேண்டாம்.