நடுவயது ஆண்கள்: பழி வயதுக்கா, ரத்தக்குழாய்க்கா?



விருத்தாசலத்தில் இப்படியொரு பொருளில் கருத்தரங்கு நடத்த முன்வந்த அமைப்பாளர்களின் துணிவைப் பாராட்டுகிறேன். அதற்குத் தலைமை தாங்கும் பெருமையை எனக்குத் தந்திருக்கிறார்கள். என்னைவிட அதிக நோயாளிகளைப் பார்த்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதால் உள்ளூர நடுக்கமும் இருக்கிறது.

தலைப்பு ‘நடுவயதில் ஆண்களின் பாலியல் நலம்’. டெஸ்டோஸ்டிரோன் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதம் குறைவதும், விறைப்புக்கு நேரம் பிடிப்பதும், ஒரு முறைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி நீள்வதும் நீங்கள் அறிந்தவை. அவற்றை அமர்வுகளுக்கு விட்டுவிட்டு, நெடுநாளாக நெஞ்சில் கிடக்கும் ஒரு வழக்கை இந்த அவைமுன் வைக்கிறேன்.

1994இல் வெளிவந்த மாசசூசெட்ஸ் ஆய்வு, 40 முதல் 70 வயது வரையிலான ஆண்களில் 52 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் விறைப்புக் குறைபாடு இருப்பதாகச் சொன்னது. இந்த எண்ணைக் காட்டி, ஆணுக்கும் மெனோபாஸ் உண்டு, ஹார்மோன் ஊசியே மருந்து என்று வாதிடும் நண்பர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் 2010இல் வெளியான ஐரோப்பிய ஆய்வையும் அவர்கள் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். 8 மையங்களில் 3,369 ஆண்களைப் பரிசோதித்தார்கள். பாலியல் அறிகுறிகளும் ஹார்மோன் குறைவும் உண்மையிலேயே சேர்ந்திருந்தவர்கள் 2.1 சதவீதம்தான். நாற்பதுகளில் இருந்தவர்களிடம் அது ஆயிரத்துக்கு ஒருவர். பாதிப் பேருக்குத் தொல்லை, ஹார்மோன் நோயோ இவ்வளவு அரிது என்றால் குற்றவாளி வேறெங்கோ இருக்கிறான்.

ரத்தக்குழாயில் இருக்கிறான் என்பது என் கட்சி. ஆண்குறிக்குப் போகும் தமனியின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர்; இதயத் தமனி 3 முதல் 4 மில்லிமீட்டர். ஒரே கொழுப்பு இரண்டிலும் படிந்தால் சிறியதுதான் முதலில் திணறும். நெஞ்சுவலிக்கு 2 முதல் 5 ஆண்டுகள் முன்பே படுக்கையறையில் எச்சரிக்கை வந்துவிடுகிறது. சர்க்கரை குழாயோடு நரம்பையும் கெடுக்கிறது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் 14.4 சதவீதம். இப்படியொரு மாநிலத்தில், 45 வயதுக்காரர் கூசிக் கூசிச் சொல்லும் குறையைக் கேட்டவுடன் சர்க்கரை, ரத்தஅழுத்தம், கொழுப்பு, பீடிப் பழக்கம் எதையும் பார்க்காமல் ஊசியை எடுப்பது முறையா?

அதே 2023இல் வந்த டிராவர்ஸ் ஆய்வை நண்பர்கள் மேற்கோள் காட்டுவார்கள். டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை மாரடைப்பைக் கூட்டவில்லை என்று அது காட்டியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் குறைவு உறுதியானவர்களிடம் நடந்தது. அவர்களிலும் சீரற்ற இதயத்துடிப்பு சற்றுக் கூடுதலாகவே தென்பட்டது.

செராமிக் தொழிற்பேட்டை உள்ள இந்த ஊரில் நின்று பேசும்போது ஒரு பழைய கட்டுரையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நம் கருத்தரங்குகளில் அதை யாரும் எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை. 1992இல் இத்தாலிய ஆய்வாளர்கள் செராமிக் ஆலைகளில் சூளையடியில் வெக்கையில் வேலை செய்த 92 ஆண்களை, வெக்கை படாத 87 பேரோடு ஒப்பிட்டார்கள். சூளைக்காரர்களிடையே குழந்தையின்மையும், கருத்தரிக்கச் சிரமப்பட்டதாகச் சொன்னவர்களும் அதிகம். விந்துப் பரிசோதனையில் தனித்தனி அளவுகள் பெரும்பாலும் வேறுபடவில்லை. உயிரணுக்களின் வேகத்தில் வேறுபாடு இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் அதன் முடிவு உடலியலோடு ஒத்துப்போகிறது. விந்துச்சுரப்பிகள் உடல் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும். ஓர் உயிரணு உருவாகி முடிய 70 நாளுக்கு மேல் ஆகிறது. நாள்தோறும் சூளை வாயில் நிற்பவருக்கு அந்தக் குளிர்ச்சி எங்கிருந்து கிடைக்கும்? அதற்கும் முன்பே, 1975இல், ருமேனியாவில் ஈயத்தோடு வேலை செய்தவர்களின் உயிரணுக்கள் கெட்டிருப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். மெருகுக் கலவைகளில் ஈயம் புழங்கிவந்த தொழில் இது என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்? வெக்கை பெரிதும் தாக்குவது உயிரணுவை, விறைப்பை அல்ல. அகல் விளக்கும் ஃபியூஸ் கட்டையும் சுட்டெடுக்கும் ஒருவருக்குக் குழந்தை தள்ளிப்போனால், ஆண்மைக் குறைவு என்று அக்கம்பக்கத்தார் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டு அவர் லாட்ஜ் வைத்தியரிடம் போகிறார். பாலியல் ஆற்றலைப் பெருக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது, சுவரொட்டிகள் நிற்கவில்லை. இன்னொரு பக்கம் நம்மில் ஒருவரே அவருக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுவிடுகிறார். வெளியிலிருந்து ஏற்றும் ஹார்மோன் உயிரணு உற்பத்தியையே அடக்கிவிடும் என்பது பாடப்புத்தகச் செய்தி. குழந்தை கேட்டு வந்தவருக்கு அதைவிடப் பெரிய தீங்கு எதுவும் இல்லை. இதில் எனக்குக் கோபமே உண்டு, மன்னிக்க வேண்டும்.

டாக்டர் மாத்ருபூதம் ‘புதிரா புனிதமா’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தமிழ் வீடுகளின் கூடத்துக்கே இந்தப் பேச்சைக் கொண்டுவந்தார். அன்று முகம் சுளித்த மருத்துவர்கள் பலர். அவர் செய்தது பெருந்தொண்டு. நம் புறநோயாளிப் பிரிவுகளிலோ இன்னும் அந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் வீட்டு வாசலில் ரத்தஅழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. அதில் மருந்து வாங்கும் ஆண்களை ஆண் சுகாதாரப் பணியாளர் ஒருவர் தனியே அழைத்து, தாம்பத்தியத்தில் சிரமம் உண்டா என்று கேட்க வேண்டும். உண்டென்றால் இதயப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் மாத்திரை வைப்பவர் விறைப்பு மருந்தான சில்டெனாஃபிலைத் தொடக்கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். எடை குறைப்பதும் நடைப்பயிற்சியும் வெறும் உபதேசமல்ல: 2004இல் வெளியான நேப்பிள்ஸ் ஆய்வில், அப்படி வாழ்முறையை மாற்றிய 55 பருமனான ஆண்களில் 17 பேருக்கு 2 ஆண்டில் விறைப்பு இயல்புக்குத் திரும்பியது.

சூளைத் தொழிலாளர்களின் ஆண்டுப் பரிசோதனையில் ரத்த ஈய அளவும், விரும்புவோருக்கு விந்துப் பரிசோதனையும் சேர வேண்டும் என்ற தீர்மானத்தை இந்த அவையின்முன் வைக்கிறேன். ஊசிக் கட்சி நண்பர்கள் பிற்பகல் அமர்வில் மறுத்துப் பேசட்டும். எத்தனை நோயாளிகளுக்கு, காலையில் இரண்டு முறை ரத்தம் எடுத்து ஹார்மோன் அளவை உறுதி செய்தபின் ஊசி போட்டார்கள் என்ற கணக்கோடு வரட்டும்.