போர் முடிந்தும் கொல்லும் குண்டு

ஒரே வீச்சில் பரந்த நிலத்தைத் தாக்கும் என்பதால் கொத்துக்குண்டைப் பயனுள்ள ஆயுதம் என்கிறார்கள் தளபதிகள். லாவோசைப் பாருங்கள். 1964 முதல் 1973 வரை அமெரிக்கா அங்கே சுமார் 27 கோடி சிறுகுண்டுகளைக் கொட்டியது. ஹோ சி மின் பாதையை அடைக்க முடிந்ததா? இல்லை. வெடிக்காமல் மண்ணில் தங்கியவை சுமார் 8 கோடி. அவற்றுக்குப் பலியாவது யார்? மண்வெட்டி பிடிக்கும் உழவர், பழைய இரும்பு பொறுக்கும் ஏழை, பந்தென்று கையிலெடுக்கும் குழந்தை. உத்தரவிட்டவர் அந்த வயலில் இறங்குவதில்லை.

2008இல் உருவான தடை ஒப்பந்தத்தில் அமெரிக்காவும் இல்லை, இந்தியாவும் இல்லை. ஆபத்தான வேலையைப் பிறப்பைக் காட்டி ஒருவர் தலையில் கட்டுவதை எதிர்க்கும் நாம், ஏழையின் நிலத்தில் ஆபத்தைப் புதைப்பதையும் எதிர்க்க வேண்டும். இந்தியா ஒப்பந்தத்தில் இணைய வேண்டும் என்று நான் கேட்கிறேன், நீங்களும் கேளுங்கள்.