பகல் மின்சாரம்



யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அவர் கெலமங்கலத்துப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்தவர். அவர் பெயரால் பேச வந்தவன் கணக்கைச் சரியாகச் சொல்ல வேண்டும். எனவே சூரிய மின்சாரத்தின் விலையிலிருந்தே தொடங்குகிறேன்.

2010 ஜனவரியில் ஜவஹர்லால் நேரு தேசிய சூரிய மின் திட்டம் தொடங்கப்பட்டபோது, 2022க்குள் 20,000 மெகாவாட் என்று இலக்கு வைத்தார்கள். அந்த ஆண்டின் கடைசியில் நடந்த ஏலத்தில் ஒரு யூனிட் சராசரியாகப் 12 ரூபாய்க்கு மேல் போனது. ஏழை நாட்டுக்கு இது கட்டுபடியாகுமா என்று அப்போது கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லாவுக்கான ஏலத்தில் அதே யூனிட் 2 ரூபாய் 44 காசுக்கு வந்தது. 2020 டிசம்பரில் குஜராத் ஏலம் 1 ரூபாய் 99 காசைத் தொட்டது. பத்தே ஆண்டில் ஆறில் ஒரு பங்கு. பிறகு சற்று ஏறியிருக்கிறது. ஆனாலும் புதிதாகக் கட்டப்படும் அனல்மின் நிலையம் எதனாலும் இந்த விலைக்குக் கொடுக்க முடியாது. 2025 ஜூனில் நம் நாட்டின் மின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரி, எரிவாயு சாராதது என்ற நிலைக்கு வந்துவிட்டோம். நிறுவுதிறன் வேறு, உற்பத்தி வேறு என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சூரியன் இரவில் வேலை செய்யாது. அதனால் நாம் செலவழிக்கும் யூனிட்டுகளில் ஏறக்குறைய எழுபது சதவீதம் இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது.

ஆக, விலை ஒரு தடை என்ற காலம் முடிந்துவிட்டது. இனி சூரிய மின்சாரத்தின் வளர்ச்சி எங்கே நடக்கும், யார் கையில் இருக்கும், எந்த நேரத்துக்குப் பயன்படும் என்பவையே கேள்விகள். இம்மூன்றுக்கும் நம் கெலமங்கலம் வட்டாரத்திலேயே பதில் தேடலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் நம் ஊரின் ஒரு நற்பேற்றைச் சொல்லிவிடுகிறேன். வெயில் கொளுத்தும் ஊரில்தான் சோலார் நன்றாக ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்குப் பகை. சிலிக்கான் பேனல் 25 டிகிரிக்கு மேல் சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் தன் திறனில் ஏறக்குறைய 0.4 சதவீதத்தை இழக்கிறது. சமவெளியில் சித்திரை மாத நண்பகலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். அப்போது ஏழில் ஒரு பங்கு மின்சாரம் சூட்டிலேயே போய்விடும். நம் ஊர் இருக்கும் ஓசூர் மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியைவிட ஐந்து டிகிரி குளிர்ச்சி என்று வைத்துக்கொண்டாலே, அதே பேனல் அதே வெளிச்சத்தில் இங்கே இரண்டு சதவீதம் கூடுதலாகக் கொடுக்கும். இருபத்தைந்து ஆண்டு ஆயுளுக்கு இது சிறிய தொகை இல்லை. ஆடி ஆவணியில் மேகம் மூடி உற்பத்தி குறையும் என்பதும் உண்மை. ஆனால் அந்த மாதங்களில்தான் ஆரல்வாய்மொழியிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் காற்றாலைகள் முழு வேகத்தில் சுற்றுகின்றன. 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் தொடங்கிய காற்றாலைப் பயணம், சூரிய ஆற்றலுக்கு இப்படித் துணை நிற்கிறது.

இனி, இந்த வளர்ச்சி எங்கே என்ற கேள்விக்கு வருவோம். தமிழகத்தில் பெரிய சூரியப் பூங்கா என்றால் ராமநாதபுரம் கமுதி. 2016இல் இயங்கத் தொடங்கியது. 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர். அதைவிட நாம் ஊன்றிப் பார்க்க வேண்டிய இடம் கர்நாடகத்தில், தும்கூர் மாவட்டத்துப் பாவகடா. அங்கே 2,050 மெகாவாட், 13,000 ஏக்கர், ஐந்து கிராமங்கள். பாவகடாவில் அரசு நிலத்தை விலைக்கு வாங்கவில்லை, குத்தகைக்கு எடுத்தது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து சதவீத உயர்வு. நிலம் விவசாயி பெயரிலேயே இருக்கிறது. மீண்டும் மீண்டும் பஞ்சம் பார்த்த பூமியில், கடலைக்காய் போட்டு மழையை நம்பியிருந்த குடும்பத்துக்கு அது நிச்சயமான வருமானம். இந்த ஏற்பாட்டை நான் மனமாரப் பாராட்டுகிறேன். நிலத்தைப் பறிக்காமல் பெரிய திட்டம் போட முடியும் என்று அது நாட்டுக்குக் காட்டியது.

ஆனால் அந்த ஐந்து கிராமங்களிலும் நிலமில்லாதவர்கள் இருந்தார்கள். களையெடுத்தும் கடலை பறித்தும் ஆடு மேய்த்தும் பிழைத்தவர்கள். குத்தகைப் பணம் பட்டா வைத்திருந்தவருக்குப் போனது. கூலிக்காரருக்கு வேலையும் போனது, ஆடு மாட்டுக்கு மேய்ச்சலும் போனது. பேனல் துடைக்கவும் புல் வெட்டவும் காவலுக்கும் எடுத்த ஆட்கள் போக மற்றவர்கள் வேலை தேடி வெளியே போனார்கள். ராகியும் மல்பெரியும் தக்காளியும் ரோஜாவும் விளைகிற நம் மண்ணில் ஆயிரக்கணக்கான ஏக்கரைக் கண்ணாடியால் மூடச் சொல்லி யார் வந்தாலும், பாவகடாவின் இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்தே பேச வேண்டும். திம்ஜேப்பள்ளி, கூத்தனப்பள்ளிப் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை வந்த பிறகு நம் நிலத்தின் விலை எங்கே போய் நிற்கிறது என்பது உங்களுக்கே தெரியும். நமக்கு வேண்டியது வேறு வடிவம்.

அந்த வடிவத்தைச் சொல்வதற்கு முன் ராத்திரி மோட்டாரைப் பற்றிப் பேச வேண்டும். 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் தமிழகம் இலவச மின்சாரம் கொடுத்தது. அது கொடுக்க வேண்டிய சலுகைதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் மின்சாரம் எப்போது வரும் என்பதை விவசாயி முடிவு செய்ததில்லை. மும்முனை மின்சாரம் பகலில் ஆறு மணி நேரம், இரவில் மூன்று மணி நேரம் என்றுதான் நெடுங்காலம் இருந்தது. இரவு முறை வந்தால் எழுந்து தோட்டத்துக்குப் போகத்தான் வேண்டும். போக மனமில்லாதவர் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்தார். கரண்ட் வந்ததும் ஒரே நொடியில் அந்த டிரான்ஸ்பார்மரில் உள்ள எல்லா மோட்டாரும் சேர்ந்து இழுக்கும். வோல்டேஜ் விழும், காயில் கருகும். கருகிய மோட்டாரை ஆயிரம் அடி போரிலிருந்து தூக்கிக் காயில் கட்டி இறக்கும் செலவில் ஒரு போக லாபம் கரைந்துவிடும். காயில் தப்பித்தாலும், வரப்பில் யாருமில்லாமல் ஓடும் தண்ணீர் பாதி வீண்.

நம் வட்டாரத்தில் இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. ராகி முற்றும் காலத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தளி வழியாக யானைக் கூட்டம் இறங்கி, சானமாவுக் காடு வரை வந்து தங்கும். அந்த மாதங்களில் காட்டோரத் தோட்டத்தில் ராத்திரி பத்து மணிக்கு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டர் பெட்டிக்கு நடப்பவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். பயிரைக் காக்க மின்கம்பத்திலிருந்து நேராகக் கம்பி இழுத்து வேலியில் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் மூன்று பெண் யானைகள் செத்துக் கிடந்தன. குட்டிகள் இரண்டு தாயைச் சுற்றி நின்றன. சட்டம் அதைக் குற்றம் என்கிறது. சரிதான். ஆனால் முறையான சோலார் வேலி என்ன செய்கிறது என்பதை நாம் இன்னும் ஊர் ஊராகப் போய்க் காட்டவில்லை. ஒரு சிறு பேனல், பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, ஒரு எனர்ஜைசர் பெட்டி. பெட்டி ‘டக், டக்’ என்று நொடிக்கு ஒருமுறை அடிக்கும். அடி பல ஆயிரம் வோல்ட்; நீடிப்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தொட்ட விலங்கு உதறிக்கொண்டு விலகும், உயிர் போகாது. லைன் கரண்ட் விடாமல் பிடித்திருப்பதால் கொல்கிறது. காக்கும் வேலிக்கும் கொல்லும் கம்பிக்கும் உள்ள வேறுபாடு அந்த நேரக் கணக்கில்தான் இருக்கிறது.

வேலி ஒரு பக்கம் இருக்கட்டும். விவசாயி ராத்திரியில் தோட்டத்துக்குப் போக வேண்டிய தேவையையே இல்லாமல் செய்ய முடியும். மராட்டியம் 2017இல் அந்த வழியைப் பிடித்தது. துணைமின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே சிறிய சூரிய மின் நிலையம் கட்டி, விவசாய மோட்டார்களுக்கான தனி மின்பாதைக்கு, அதாவது விவசாயப் பீடருக்கு, பகலில் மின்சாரம் கொடுப்பது. 2019இல் வந்த பி.எம். குசும் திட்டமும் இதற்கு இடம் தருகிறது. துணைமின் நிலையத்தை ஒட்டி அரை மெகாவாட்டிலிருந்து இரண்டு மெகாவாட் வரை விவசாயியோ, விவசாயிகள் சங்கமோ, கூட்டுறவோ கட்டி விற்கலாம். இரண்டு மெகாவாட்டுக்கு எட்டுப் பத்து ஏக்கர் போதும். பாறையும் கரடுமாகக் கிடக்கும் நிலம் அந்த அளவுக்கு நம் ஒன்றியத்தில் தாராளமாக உண்டு. வெயில் இருக்கும் நேரத்தில் மோட்டார் ஓடும். விளையும் இடத்திலேயே செலவாகிவிடுவதால் தூரத்துக் கம்பிகளில் கரைகிற மின்சாரமும் மிஞ்சும்.

தனி சோலார் பம்புக்கு அரசு 60 சதவீத மானியம் தருகிறதே, அது போதாதா என்று கேட்கலாம். கிணறு மேலாக இருக்கும் ஊருக்கு அது நல்லது. ஆயிரம் அடி போருக்கு அந்தப் பம்பு திணறும். இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. காசு கேட்காத வெயிலில் ஓடும் பம்பை யார் நிறுத்துவார்? நிலத்தடி நீர் ஏற்கெனவே பாதாளத்தில் இருக்கிறது. குஜராத் கேடா மாவட்டத்தில் துண்டி என்ற கிராமம் இதற்கு விடை சொன்னது. 2016இல் அங்கே ஆறு விவசாயிகள் கூட்டுறவு தொடங்கி, பம்புக்குத் தேவைப்படாத மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றார்கள். யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசு. தண்ணீரை வீணாக இறைத்தால் விற்கும் மின்சாரம் குறையும். எனவே மோட்டாரை நிறுத்தினால் வருமானம். அறிவுரையால் முடியாத நீர்ச் சிக்கனத்தை ஒரு மீட்டர் செய்துகாட்டியது. நம் ஊரில் மீட்டர் என்றாலே இலவசத்தைப் பறிக்க வருகிறார்கள் என்ற அச்சம் இருக்கிறது. அந்த அச்சத்தை மதிக்க வேண்டும். விவசாயிக்குப் பணம் கொடுப்பதற்காக ஓடும் மீட்டர் அது என்பதை முதலில் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும்.

கூரைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டுக் கூரைக்கு 2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்ய கர் திட்டம் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. முந்நூறு சதுர அடி மொட்டை மாடியில், நாளுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு யூனிட் கிடைக்கும். சிறு தொழிற்கூடங்களின் கதை சற்று வருத்தமானது. லேத்தும் பிரஸ்ஸும் பகலில் ஓடுவதால் அவற்றுக்குச் சூரிய மின்சாரம் இயல்பாகவே பொருந்தும். ஆனால் தன் கூரையில் தான் செய்த மின்சாரத்துக்கு மின்வாரியம் ‘நெட்வொர்க் கட்டணம்’ கேட்டதால் பலர் தயங்கி நின்றார்கள். 2023இல் தாழ்வழுத்த இணைப்பு வைத்திருக்கும் சிறு ஆலைகளுக்கு அரசு அதைப் பாதியாகக் குறைத்தது. மீதிப் பாதியையும் நீக்கலாம் என்பது என் கருத்து. பசுமைக்குடில் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது குளிர் அறையைப் பற்றி. விடியலில் வெட்டிய ரோஜா இரண்டு முதல் நான்கு டிகிரியில் நிற்க வேண்டும். அந்த அறையின் கம்ப்ரசர் அதிகம் உழைப்பது வெயில் ஏறும் நேரத்தில். பேனலும் அப்போதுதான் அதிகம் தருகிறது. டீசல் ஜெனரேட்டருக்கு ஊற்றும் காசை அங்கே முதலில் மிச்சப்படுத்தலாம்.

சூரியன் சாய்ந்த பிறகு என்ன செய்வது? 2024 மே 2 அன்று தமிழகத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. மாநிலத்தின் சூரிய மின் நிறுவுதிறன் அடுத்த ஆண்டில் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. ஆனால் ஆறரை மணிக்கு மேல் அதில் ஒன்றும் வராது. விளக்கும் விசிறியும் அப்போதுதான் போடப்படும். கோவை மாவட்டத்துக் காடம்பாறையில், 1980களின் இறுதியிலிருந்து, மிச்ச மின்சாரத்தால் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றித் தேவை நேரத்தில் இறக்கி 400 மெகாவாட் எடுக்கிறார்கள். நீலகிரியில் குந்தா 500 மெகாவாட்டுக்குக் கட்டப்படுகிறது. பேட்டரி விலையும் இறங்கிவருகிறது. இவை எல்லாம் வேண்டும். ஆனால் தண்ணீரை ஏற்றி இறக்கும்போது நூறு யூனிட்டில் இருபது யூனிட்டாவது வழியில் போய்விடும், பேட்டரியிலும் ஓரளவு போகும். தள்ளிவைக்க முடிந்த வேலையைப் பகலுக்கு மாற்றுவதற்கு அந்த இழப்பும் இல்லை, அணை கட்டும் செலவும் இல்லை. தண்ணீர் இறைப்பது அப்படிப்பட்ட வேலை. மின்சார ஸ்கூட்டர்களை இந்த மாவட்டமே செய்கிறது, போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் ஏத்தர். ஷிப்டுக்கு வருகிறவரின் வண்டி ஆலை வாசலில் பகல் முழுக்க நிற்கும்போதே அதைச் சார்ஜ் செய்துவிடலாம்.

இந்த அவையில் மின்வாரியத்தைச் சேர்ந்தவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். கெலமங்கலம் ஒன்றியத்தில் விவசாயப் பீடர்கள் எவை, ஒவ்வொன்றிலும் எத்தனை மோட்டார், பக்கத்தில் எந்தத் துணைமின் நிலையத்தில் இடம் இருக்கிறது என்ற பட்டியலை ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டுங்கள். விவசாயிகள் சங்கங்கள் அதைப் பார்த்து நிலத்தைத் தேடட்டும், கூட்டுறவைப் பதிவு செய்யட்டும், வங்கியில் கடன் கேட்கட்டும். நிலமில்லாதவர்களும் பங்கு எடுக்கும்படி விதி எழுதட்டும். பாவகடாவில் விடுபட்டது இங்கே விடுபடக் கூடாது. எந்தப் பீடரை முதலில் எடுப்பது என்று கேட்டால், வருமானம் அதிகம் வரும் பீடரை நான் சொல்ல மாட்டேன். சானமாவுக் காட்டை ஒட்டிப் போகும் பீடர்களை எடுங்கள். வரும் ராகிப் பருவத்துக்குள் இல்லாவிட்டாலும், அதற்கு அடுத்த பருவத்துக்குள் அந்தத் தோட்டங்களுக்கு முழு மின்சாரமும் பகலிலேயே கிடைத்துவிட வேண்டும்.