பின்சியில் ஓர் ஊற்று
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



இங்கிலாந்துக்குப் போய் வந்தவன் இலண்டன் மாநகரைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேச எண்ணியது பின்சி என்னும் குக்கிராமத்தைப் பற்றி. ஒக்ஸ்போட் நகருக்கு மேற்கே, தேம்ஸ் நதியின் அக்கரையில் அது இருக்கிறது. போட் மெடோ என்ற பரந்த புற்றரையைக் கடந்து நடந்தே போகலாம். அங்கே மாடுகளும் குதிரைகளும் மேய்கின்றன. பாலத்தைத் தாண்டியதும் நகரத்தின் ஓசை அடங்கிவிடுகிறது. சில வீடுகள், கூரை வேய்ந்த ஒரு விடுதி; ஊர் அவ்வளவே. இங்கு ஆற்றங்கரையில் நின்ற பொப்லர் மரங்களை 1879ஆம் ஆண்டில் வெட்டி வீழ்த்தியபோது ஹொப்கின்ஸ் என்ற யேசு சபைக் குருவானவர் மனம் நொந்து கவிதை பாடினார். மரத்துக்காக அழுத குருவானவர்!

நிற்க. ஊரை விட்டு விலகித் தனியே நிற்கிறது பழைய சிறு தேவாலயம். அதன் அருகில் நிலமட்டத்துக்குக் கீழே ஓர் ஊற்று. 8ஆம் நூற்றாண்டில் பிரைட்ஸ்வைட் என்னும் அரசகுமாரி துறவு பூண்டாளாம். அவளை வலிந்து மணக்கத் துரத்திய அல்கார் என்பவன் கண்ணிழந்தான். அவனுக்கு இரங்கி அவள் பிரார்த்திக்க, ஊற்றுப் பிறந்தது. அந்நீரால் பார்வை மீண்டது. இதை நம்பி நோயாளர் பல காலம் இங்கு வந்தனர். 1865இல் வெளிவந்த 'அலிஸ்' கதையில் வரும் பாணிக் கிணறு இதுவே என்பர். இன்று பாணியைக் குறிக்கும் 'திரீக்கிள்' என்ற சொல் முன்னாளில் நஞ்சு முறிக்கும் மருந்தைக் குறித்தது.

சமயச் சீர்திருத்தக் காலத்தில், 1538ஆம் ஆண்டில், ஒக்ஸ்போட்டிலிருந்த அவளுடைய சமாதிபீடத்தை உடைத்தார்கள். ஆனால் 1874ஆம் ஆண்டில் பின்சி ஊற்றைத் திருத்திக் கட்டியவர் அத்தேவாலயத்துக் குருவானவரே!

நான் மிஷன் பாடசாலையில் படித்தவன். அது தந்த கல்வியை மறவேன். எனினும் ஒன்று சொல்ல வேண்டும். அம்மம்மாவுடன் கீரிமலையில் தீர்த்தமாடி வந்த மறுநாள், "தண்ணீரில் பாவம் கரையுமோ?" என்று ஆசிரியர் ஒருவர் கேட்டார். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பு பின்சியில் நின்றபோதுதான் நெஞ்சில் உறுத்தியது. படிகளில் இறங்கி நீரைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டேன்.

ஊர் திரும்பி இதை அம்மம்மாவுக்குச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே: "தீர்த்தமெல்லோ ராசா, சப்பாத்தோடையே இறங்கினனீ?"

சப்பாத்தோடுதான் இறங்கியிருந்தேன்.