ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கை: 1958

ஆசிய விளையாட்டு விழாவின் பதக்கப் பட்டியலிலே இலங்கையின் பெயரைத் தேடுவோர், மேல்வரிகளை விடுத்துக் கீழ்வரிகளுக்கு இறங்கிப் பழகியவர்கள். 1951 இல் புதுதில்லியிலும், 1954 இல் மனிலாவிலும் நடைபெற்ற முதலிரு விழாக்களிலே இலங்கைக்குத் தங்கம் கிட்டவில்லை. மூன்றாவது விழா 1958 மே 24 ஆந் திகதி டோக்கியோவிலே தொடங்கி ஜூன் 1 ஆந் திகதி நிறைவெய்தியது. பெரும்போர் முடிந்து 13 ஆண்டுகளே கழிந்திருந்த அவ்வேளையில், விழாவை நடாத்திய யப்பான் 60க்கு மேற்பட்ட தங்கப் பதக்கங்களைத் தன்வசமாக்கிக் கொண்டது. இலங்கைக்குக் கிடைத்த தங்கம் ஒன்றே ஒன்று.

அதனை வென்றவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மைதானத்திலே உயரம் பாயக் கற்றவர். பதினெட்டு வயது நிரம்புமுன்னரே 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவுக்கும், அதன்பின் 1956 இல் மெல்போர்ன் விழாவுக்கும் இலங்கையின் சார்பிலே சென்றவர். உலகத்தார் முன்னிலையிலே இருமுறை வெறுங்கையுடன் திரும்பிய அவ்வனுபவம் டோக்கியோவில் வீண்போகவில்லை என்றே கொள்ளவேண்டும். அங்கே அவர் பாய்ந்த உயரம் 2.03 மீற்றர், அக்காலத்து அளவிலே சொன்னால் 6 அடி 8 அங்குலம். நல்ல உயரமான மனிதர் ஒருவர் நிமிர்ந்து நிற்க, அவர் தலைக்கும் மேலாக வைத்த கோலைத் தாண்டுவது போன்றது அது.

உயரம் பாய்தல் ஏனைய போட்டிகளைப் போன்றதன்று. ஓட்டக்காரனுக்குப் பக்கத்திலே இன்னொருவன் ஓடுகிறான். அவனை முந்தினாற் போதும். பாய்பவனுக்கு எதிரிலே நிற்பது இரண்டு கம்பங்களும் அவற்றின்மேல் ஒரு குறுக்குக் கோலுமே. தொடர்ந்து மூன்று முறை தவறினால் போட்டி முடிந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எல்லோரும் விலகிய பின்னரும் வென்றவன் கோலை மேலும் உயர்த்தச் சொல்கிறான். ஆதலால் பெரும்பாலும் அவனும் கோலைத் தட்டி வீழ்த்திவிட்டே களத்தை விட்டு வெளியேறுகிறான். வெற்றி பெற்றவனது கடைசிப் பாய்ச்சலும் தோல்வியாகவே முடிகின்ற விளையாட்டு வேறு பல இல்லை. இன்று பாய்பவர்களைத் தாங்கும் தடித்த மெத்தைகளும் அன்று இல்லை. மணற்குழியிலே விழ வேண்டும். விழுகின்றபோது காலோ கையோ முறியாமற் பார்த்துக்கொள்வதும் கலையின் ஒரு பகுதியாக இருந்தது.

இலங்கைக்கு ஆசிய விழாவிலே கிடைத்த முதற் தங்கம் இது. டோக்கியோ அரங்கிலே சிங்கக் கொடி உயர ஏறியது. ஆனால் அக்கொடிக்குரிய நாட்டிலே அந்த வாரம் நிகழ்ந்தவை வேறு.

1957 யூலையிலே பிரதமர் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தம் 1958 ஏப்ரிலிலே கைவிடப்பட்டது. மே மாதத்தின் கடைசிப் பத்து நாட்களிலே தமிழர்மீது வன்செயல்கள் மூண்டு பல ஊர்களுக்கும் பரவின. விழாவின் நான்காம் நாளாகிய மே 27 ஆந் திகதி அவசரகால நிலைமை பிரகடனஞ் செய்யப்பட்டது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை விதிக்கப்பட்டது. கொழும்பிலே வீடிழந்து முகாம்களிலே தங்கியிருந்த தமிழர்கள் கப்பல்களிலே யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டார்கள். யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவர் இலங்கை என்ற பெயரை மார்பிலே தாங்கிப் பாய்ந்து வென்றதும், அதே இனத்தவர் தம் சொந்த நாட்டுத் தலைநகரிலிருந்து அகதிகளாகக் கப்பலேறியதும் ஒரே காலத்து நிகழ்ச்சிகள். பதக்கப் பட்டியலிலே முதலாவது மட்டுமே இடம்பெற்றிருக்கிறது.

அவர் அத்துடன் நின்றுவிடவில்லை. 1962 இல் ஜகார்த்தாவிலே நடைபெற்ற நான்காவது விழாவுக்கும் அதே நாட்டின் பெயரால் சென்று, உயரம் பாய்தலிலே வெள்ளிப் பதக்கம் பெற்றார். பின்னர் பிறநாடுகளிலே கல்விப் பணியாற்றி, 2024 ஏப்ரிலிலே தமது 89 ஆவது வயதிற் காலமானார்.

அடுத்த தங்கத்துக்கு இலங்கை 12 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1970 இல் பாங்கொக்கிலே நெடுந்தூர ஓட்டக்காரர் லூசியன் ரோசா அதனைக் கொண்டுவந்தார். 1974 இல் தெஹ்ரானிலே விமலதாச 400 மீற்றர் ஓட்டத்திலே முதலிடம் பெற்றார். 1998 இல் மீண்டும் பாங்கொக்கிலே சுகத் திலகரத்னவும் தமயந்தி தர்ஷாவும் மூன்று தங்கங்களை ஈட்டினர். 2002 இல் பூசானிலே சுசந்திகா ஜயசிங்க 100 மீற்றரை வென்றபின், மெய்வல்லுநர் போட்டியிலே மறுபடியும் ஒரு தங்கத்தைக் காண 21 ஆண்டுகள் சென்றன. 2023 இல் ஹாங்சூ நகரிலே 800 மீற்றர் ஓடி அதனைப் பெற்றவர் தருஷி கருணாரத்ன. அப்போது அவருக்கு வயது 18. ஏறக்குறைய ஹெல்சிங்கிக்குச் சென்றபோது எதிர்வீரசிங்கத்துக்கிருந்த வயது.