பிள்ளைப்பேற்றுக்குப் பின் தேகப் பருமன்
(நமது சங்கத்து மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கற்றறிந்த வைத்தியர் பலர் நம் சமூகத்தில் இருக்க, வைத்தியம் பயிலாத என்னை இப்பொருள் குறித்துப் பேசுமாறு சங்கத்தார் பணித்ததற்குக் காரணம் ஒன்றே. என் வீட்டில் நடந்ததை மறைக்காமல் சொல்வேன் என்பதை அவர்கள் அறிவார்கள். என் மருமகள் இச்சபையில் அமர்ந்திருக்கிறாள். அவளுடைய சம்மதம் பெற்றே பேசுகின்றேன்.

மிதமிஞ்சிய பருமனால் நீரிழிவும், மாதவிடாய்க் கோளாறும், பிள்ளையின்மையும் உண்டாகி வருந்துவோர்க்கு இரைப்பையைச் சிறிதாக்கும் ரணசிகிச்சை இக்காலத்தில் நம் நகரங்களிலும் செய்யப்படுகிறது. இது நேற்று முளைத்ததன்று. அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையைச் சார்ந்த எட்வர்ட் மேசன் என்னும் ரணவைத்தியர் 1966-ஆம் ஆண்டிலேயே இதனைச் செய்யத் தொடங்கினார். இப்போது பெருவழக்காயிருக்கும் முறைகள் இரண்டு. இரைப்பையில் முக்காற்பங்கிற்குக் குறையாமல் நீக்கி, எஞ்சியதைக் குழாய்போல் ஆக்குவது ஒன்று. இரைப்பையின் மேற்புறத்தை ஒரு சிறு பையாகப் பிரித்து, அதனைச் சிறுகுடலோடு நேரே இணைத்துவிடுவது மற்றொன்று. இவற்றால் உண்ணும் அளவு குறைகிறது. உண்டவற்றிலுள்ள இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, வைட்டமின் பி12 ஆகியவை தேகத்தில் சேர்வதும் குறைந்துவிடுகிறது. ஆதலின் அச்சத்துக்களை ஆயுள் முழுவதும் மருந்தாக உட்கொள்ள வேண்டும்.

எடை குறைந்ததும் மாதவிடாய் ஒழுங்குபட்டுக் கர்ப்பமும் எளிதில் தரிப்பதுண்டு. எனினும் சிகிச்சைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் வரையேனும் பொறுத்திருத்தல் நலம் என்பது வைத்தியர் கொள்கை. என் மருமகள் அவ்வாறே பொறுத்திருந்தாள். சிகிச்சையால் 38 கிலோ குறைந்தவள், கர்ப்ப காலத்தில் 11 கிலோ கூடினாள். கர்ப்பத்தில் எடை கூடுவது இயற்கை. பருமனுள்ள ஸ்திரீகளும் 5 முதல் 9 கிலோ வரை கூடலாம் என்று 2009-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் குழுவொன்று வரையறுத்துள்ளது. அத்துணைப் பருமனின்றிச் சற்றே எடை மிக்கவர்க்கு அது 11½ கிலோ வரை செல்லலாம். இதில் சிசுவும், பனிநீரும், பெருகிய இரத்தமும், பின்னர்ப் பாலாக மாற வேண்டிய கொழுப்பும் அடங்கும்.

இனி என் பிழைகளைச் சொல்கிறேன். பிரசவமான ஐந்தாம் நாள், நம் வீட்டு வழக்கப்படி வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கிண்டிய லேகியத்தைப் பெரிய உருண்டையாக அவளுக்கு ஊட்டினேன். "அத்தை, எனக்கு ஒவ்வாது" என்றாள். நான் கேட்கவில்லை. கால் மணி நேரத்திற்குள் உடம்பெல்லாம் வியர்த்து, நெஞ்சு படபடத்து, தலை சுற்றிச் சாய்ந்துவிட்டாள். நானோ கண்ணேறு என்றெண்ணி மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டேன்! சிறுத்த இரைப்பையில் தங்காமல் இனிப்பு விரைந்து குடலில் இறங்குவதால் வரும் விளைவு அது என்று வைத்தியர் பின்னர் விளக்கினார்.

இரண்டாம் பிழை இதனினும் பெரிது. நான்காம் மாதத்தில் ஒரு கல்யாண வீட்டில் உறவினர் சிலர், "இலட்சம் இலட்சமாய்க் கொட்டி வயிற்றை அறுத்தும் மறுபடி பெருத்துவிட்டாளே!" என்று அவள் காதுபடப் பேசினர். நான் அருகிலிருந்தும் வாய் திறவாதிருந்தேன். அன்று முதல் அவள் ஒருவேளை உணவை ஒருவரும் அறியாமல் விடலானாள். மாத்திரைகளையும் நிறுத்திவிட்டாள். சில வாரங்களில் பாதங்களில் மதமதப்புக் கண்டது, முகம் வெளிறியது. இரத்தத்தைச் சோதித்தபோது பி12 மிகக் குறைந்திருந்தது. தாய்க்கு அச்சத்துக் குறையின் தாய்ப்பாலிலும் குறையும்; பாலுண்ணும் சிசுவின் மூளையும் நரம்பும் வளர அது இன்றியமையாதது என்று வைத்தியர் சொன்னபோது என் நெஞ்சு நடுங்கியது. நல்லவேளையாக ஊசி மருந்தால் தாயும் சேயும் நலமடைந்தனர். ஆயினும் நம்மவர் நாவிலிருந்து உதிர்ந்த ஒரு சொல், ஒரு குழந்தையின் பாலில் போய் முடிந்ததை எண்ணிப் பாருங்கள்!

அப்படியானால் எடையைக் குறைக்க வேண்டாமோ எனின், வேண்டும், ஆனால் பதறாமல். முதல் ஆறு வாரங்கள் உடல் தேறுவதற்கும் பால் சுரப்பு நிலைப்படுவதற்கும் உரியவை. அதன்பின் வைத்தியர் இசைவுடன் வாரத்திற்கு அரைக்கிலோ அளவில் மெல்லக் குறைவது பாலூட்டும் தாய்க்கும் தீங்கன்று. நாளொன்றுக்குப் புரதம் 60 கிராமிற்குக் குறையலாகாது. பாலூட்டுவோர்க்கு இன்னும் கூடுதலாக வேண்டும். ஆதலின் முட்டை, மீன், பருப்பு, தயிர், பன்னீர் இவற்றை முதலில் உண்டு, சோற்றைப் பின்னர் உண்க. சிறிது சிறிதாக ஐந்தாறு வேளை உண்க. முறுக்கும், மிக்சரும், பிஸ்கோத்தும், சர்க்கரைப் பானங்களும் சிறிய இரைப்பையிலும் எளிதாய் வழுக்கிச் சென்று எடையைக் கூட்டுபவை. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடாத பழக்கத்தை அறவே விடுக. உணவோடு பருகாமல் இடையிடையே பருகினால் போதும். இரும்பு மாத்திரையையும் சுண்ணாம்பு மாத்திரையையும் ஒருங்கே விழுங்காமல் இரண்டு மணி நேரம் இடைவிட்டு உட்கொள்க. நாள்தோறும் நடக்க. ஓயாத வாந்தியோ கடும் வயிற்றுவலியோ கண்டால், கைவைத்தியம் பாராமல் உடனே வைத்தியரிடம் செல்க.

சிலருக்குப் பழைய எடை ஓராண்டில் திரும்பும். சிலருக்குச் சில கிலோ தங்கிவிடும். என் மருமகளுக்கு இன்னும் நான்கு கிலோ தங்கியிருக்கிறது. அவள் குழந்தையோ வீடெங்கும் ஓடித் திரிகிறது. அந்த நான்கு கிலோவைப் பற்றி எங்கள் வீட்டில் இப்போது ஒருவரும் பேசுவதில்லை.

மாமியார்களே! தாய்மார்களே! பிள்ளை பெற்ற பெண்ணை வற்புறுத்தி ஊட்டவும் வேண்டாம். அவள் மேனியை அளந்து பேசவும் வேண்டாம். அவள் மாத்திரை உண்ணும் வேளையில் குழந்தையைச் சற்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதுவே நாம் செய்யக்கூடிய சிறந்த வைத்தியம்.