நொட்டிங் ஹில் வீதி விழா

மண்டபத்திலே நடக்கும் விழாவுக்கு ஒரு வாயில் உண்டு. வாயில் இருந்தால் அதனருகே ரிக்கற் கிழிப்பவர் ஒருவரும் இருப்பார். வீதியிலே நடக்கும் விழாவுக்கு அத்தகைய வாயில் இல்லை. இலண்டன் மாநகரின் மேற்கே, நொட்டிங் ஹில் என்னும் பகுதியில், ஆண்டுதோறும் ஓகஸ்ட் மாத இறுதியில் ஞாயிறும் திங்களுமாக நடைபெறும் பெருவிழா இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் பாடலும் ஆடலும் வண்ண உடைகளும் அங்கே வீதிவீதியாகப் பவனி வருகின்றன. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கூடுகின்றனர். வீதியில் நின்று காண்பதற்கு எவரும் ஒரு சதமேனும் கொடுப்பதில்லை.

இவ்வளவு களிப்பு நிறைந்த விழா, களிப்பிலேயே பிறந்திருக்கும் என்று நேயர்கள் எண்ணக்கூடும். அது பிறந்த கதை வேறு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பிரித்தானியாவில் ஆட்பலம் குறைந்திருந்தது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பின மக்கள் மருத்துவமனைகளிலும் பேருந்துகளிலும் ரயில் நிலையங்களிலும் பணிபுரிந்தனர். உழைப்பை வேண்டிய நகரம் உழைத்தவருக்கு உறைவிடம் கொடுக்கத் தயங்கியது. நொட்டிங் ஹில்லின் பாழடைந்த பழைய மனைகளில், அறைக்கு ஒரு குடும்பமாக, அதிக வாடகை கொடுத்து அவர்கள் குடியிருந்தனர். 1958ஆம் ஆண்டு ஓகஸ்ட் இறுதியில் வெள்ளையின இளைஞர் கூட்டங்கள் அவ்வீடுகளைத் தாக்கின. கலகம் பல இரவுகள் நீடித்தது.

அக்காலத்தில் குளோடியா ஜோன்ஸ் என்னும் அம்மையார் மேற்கிந்திய மக்களுக்காக ஒரு பத்திரிகை நடத்தி வந்தார். திரினிடாட் தீவில் 1915இல் பிறந்து, சிறுவயதிலேயே நியூயோர்க் நகருக்குச் சென்றவர். பொதுவுடைமைக் கட்சியில் ஈடுபட்டதற்காக அமெரிக்காவிற் சிறையிருந்து, 1955இல் பிரித்தானியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர். கலகத்தின் கசப்பை மாற்ற அவர் கண்ட வழி, தம் தீவின் கார்னிவல் என்னும் களியாட்டு விழாவை இலண்டனிலே நடத்துவதாகும். 1959ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் சென் பங்கிராஸ் நகர மண்டபத்தில் அது நடந்தது. பி.பி.சி. அதனைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பியது. சேர்ந்த பணத்தில் ஒரு பகுதி, கலகத்தின்போது தண்டிக்கப்பட்டோரின் குற்றப்பணத்தைக் கட்டுவதற்கென ஒதுக்கப்பட்டது. ஜனவரிக் குளிரில் வெளியே ஆடுவது இயலாத காரியம். ஆகவே விழா நாலு சுவருக்குள்ளேயே நடந்தது.

விழா நடந்தும் பகை தீரவில்லை. அதே ஆண்டு மே மாதம், அன்ரிகுவாவைச் சேர்ந்த கெல்சோ கொக்ரேன் என்னும் தச்சுத் தொழிலாளர் நொட்டிங் ஹில் வீதியொன்றிற் குத்திக் கொல்லப்பட்டார். அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட மக்கள், கறுப்பரும் வெள்ளையருமாக, அவரது இறுதி ஊர்வலத்திற் சென்றனர். குளோடியா அம்மையாரோ தாம் தொடங்கிய விழா வீதிக்கு வந்ததைக் காணாமலே 1964இல் மறைந்தார்.

வீதிக்கு அதனைக் கொண்டுவந்தவர் இன்னொரு பெண்மணி. றோன் லாஸ்லெற் என்னும் சமூக ஊழியர் நொட்டிங் ஹில்லிலேயே வாழ்ந்தவர். அயற்பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கூடம் நடத்தியவர். 1966ஆம் ஆண்டு செப்டெம்பரில், அயலிலுள்ள ஐரிஷ் மக்கள், ஸ்பானியர், போர்த்துக்கேயர், உக்ரேனியர், ஆபிரிக்கர், மேற்கிந்தியர் யாவரும் கூடும்படியாக அவர் ஒரு விழா ஏற்பாடு செய்தார். அது மேற்கிந்தியருக்கு மட்டும் உரியதாக எண்ணப்பட்டதன்று. ஐரிஷ் சிறுமியரின் குழல் வாத்தியமும் அங்கே ஒலித்தது. விழாவின் தாய் இவரா, குளோடியாவா என்னும் வழக்கு இன்றும் ஓயவில்லை. இருவருக்கும் உரிமை உண்டு என்பதே நியாயமாகத் தோன்றுகிறது.

அவ்விழாவுக்கு வந்த வாத்தியக்காரருள் றசல் ஹென்டர்சன் ஒருவர். திரினிடாட்டிலிருந்து 1951இல், பியானோவுக்குச் சுருதி கூட்டும் தொழிலைக் கற்க இலண்டன் வந்தவர் அவர். அவருடைய குழு வாசித்த வாத்தியம் எண்ணெய்ப் பீப்பாயிற் செய்தது. 1880களில் திரினிடாட்டை ஆண்ட ஆங்கிலேயர் தோற்பறை முழக்குவதைச் சட்டத்தாற் கட்டுப்படுத்தினர். மக்கள் மூங்கிற் குழாய்களை நிலத்தில் இடித்துத் தாளம் எழுப்பினர். பின்னர் தகரப் பேணிகளைத் தட்டினர். அதன்பின் எண்ணெய்ப் பீப்பாயைக் கையில் எடுத்தனர். அதன் ஒரு பக்கத்துத் தகட்டைச் சம்மட்டியால் அடித்துக் கிண்ணம்போலக் குழித்து, சுரத்துக்கு ஓரிடமாகக் குறித்து, தீயிற் காய்ச்சி, மீண்டும் சிறு சுத்தியலாலே தட்டித் தட்டிச் சுருதி சேர்க்க வேண்டும். நல்ல காதும் பொறுமையும் இல்லாதவருக்கு இது கைவராது. எறிந்துவிட்ட தகரத்திலிருந்து பிறந்த இவ்வாத்தியத்தை அத்தீவு 1992இல் தன் தேசிய வாத்தியமாக அறிவித்தது.

ஹென்டர்சனின் குழு முதலில் ஓரிடத்தில் நின்றுதான் வாசித்தது. அங்கே வீதிக்குக் குறுக்கே தடுப்புகள் வைக்கப்பட்டிருந்தன. நின்ற இடத்திலேயே நின்றால் உற்சாகம் போதாது என்று கண்ட அவர், தடுப்பொன்றை அகற்றிவிட்டு, சற்று நடந்து வருவோம் என்று புறப்பட்டார். பீப்பாய் வாத்தியத்தைக் கழுத்திலே தொங்கவிட்டபடி நடக்கலாம். இந்த வழியாற் போவது என்று எவரும் தீர்மானித்திருக்கவில்லை. ஊரை விட்டு வந்து ஆண்டுக்கணக்காக அந்த ஓசையைக் கேளாதிருந்தவர்கள் வீடுகளிலிருந்து இறங்கி வந்தனர். பிள்ளைகள் வந்தனர், வெள்ளையரும் வந்தனர். எட்டு ஆண்டுகளுக்கு முன் இரவிலே தனித்து நடக்க அஞ்சிய வீதிகளிலே அவர்கள் ஆடிக்கொண்டு போயினர்.

அதன்பின் விழா விரைவாகப் பெருகிற்று. 1970களில் பாரிய ஒலிபெருக்கிகளும் ஜமெய்க்கா இசையும் சேர்ந்தன. கூட்டம் பெருகவே பொலிஸாரும் பெருகினர். 1976ஆம் ஆண்டு விழாவில் இளைஞருக்கும் பொலிஸாருக்கும் மோதல் மூண்டு, பல நூறு பேர் காயமுற்றனர். அன்று முதல் இவ்விழாவை வீதியிலிருந்து பூங்காவுக்கு மாற்றிவிட வேண்டும் என்னும் குரல் திரும்பத் திரும்ப எழுகின்றது. அதனை வெறும் பகைமைக் குரல் என்று தள்ளிவிட முடியாது. நெருக்கத்திலே மிதிபட்டு உயிரிழக்க நேருமோ என்னும் அச்சம் மெய்யானது, கத்திக்குத்துகளும் நிகழ்ந்துள்ளன, விழாவுக்கு முன் கடைக்காரர் கண்ணாடிகளைப் பலகை அடித்து மறைக்கின்றனர். ஆனால் பூங்காவுக்கு வேலி உண்டு. வேலியில் வாயில் வைப்பது எளிது. ஹென்டர்சன் அகற்றிய தடுப்பை மீண்டும் கொண்டுவந்து வைப்பதற்கு விழாக்காரர் இணங்காதது வியப்பன்று.

இலவச விழாவுக்கும் செலவு உண்டு. உடை தைக்கும் குழுக்கள் மாதக்கணக்காக உழைக்கின்றன. 2025ஆம் ஆண்டில், காவல் ஏற்பாடுகளுக்குப் பணம் போதாது, விழாவே ஆபத்திலிருக்கிறது என்று அமைப்பாளர் அரசாங்கத்துக்கு எழுத நேர்ந்தது. இலண்டன் மேயரும் இரு நகரசபைகளும் உதவ முன்வந்த பின்னரே அவ்வாண்டு விழா உறுதியாயிற்று.

விழா நடைபெறும் வீதிகளுக்கு அண்மையில் கிரென்பெல் என்னும் மாடிக் கட்டடம் நின்றது. 2017ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14ஆம் நாள் அதிலே தீப்பற்றி 72 பேர் மாண்டனர். அவ்வாண்டு ஓகஸ்டில் விழா நடந்தபோது ஒரு நிமிடம் இசை நிறுத்தப்பட்டது. பின்னர் அது 72 விநாடி மௌனமாக வழக்கில் வந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு ஒலிபெருக்கிகள் ஓய்கின்றன. பீப்பாய் வாத்தியக்காரரின் கோல்கள் தாழ்கின்றன. இறகு முடி சூடிய ஆட்டக்காரர் நின்ற இடத்தில் நிற்கின்றனர். பல இலட்சம் பேர் நிற்கும் வீதிகளிலே குழந்தையின் அழுகை கேட்கும் அளவுக்கு அமைதி நிலவுகின்றது. பின்பு எங்கோ ஒரு மூலையிற் பீப்பாய் ஒன்று மெல்லத் தொடங்குகிறது.